கத்திரி வெயிலில் சாக்லேட் வால்நட் பை: வேலூர் வீட்டுக்கான செய்முறை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கென்று ‘பை’ (pie) என்கிற ஓர் இனிப்புப் பண்டம் உண்டு. மொறுமொறுப்பான மைதா ஓட்டுக்குள் முட்டை, சர்க்கரை, வெண்ணெய் சேர்ந்த பூரணம். அதற்குள் வால்நட்டும் சாக்லேட் துண்டுகளும். லூயிவில் நகரில் 1875 முதல் நடந்துவரும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தின்போது அங்கே வீட்டுக்கு வீடு இதைச் செய்வார்கள். பந்தய நாள் மே மாதத்து முதல் சனிக்கிழமை. நமக்குக் கத்திரி தொடங்குவதும் ஏறக்குறைய அதே நாளில்தான். அவர்கள் ஊர்ச் செய்முறையில் ‘வெண்ணெயை அறை வெப்பத்தில் அரை மணி நேரம் வையுங்கள்’ என்று இருக்கும். மே மாதத்தில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ அதை நம்பி வைத்தால், அரை மணி கழித்துக் கிண்ணத்தில் இருப்பது எண்ணெய்.

ஆகவே இந்தக் குறிப்பில் பூரணத்தைவிட ஓட்டுக்கும் சூட்டுக்கும்தான் இடம் அதிகம். பூரணம் பத்து நிமிட வேலை. அதைக் கெடுப்பது கடினம். பை கெட்டுப்போகிற வீடுகளில் பெரும்பாலும் ஓடுதான் காரணம்.

‘டெர்பி பை’ என்ற பெயர் கென்டக்கியில் ஒரு குடும்ப நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகக்குறி. 1950களில் பிராஸ்பெக்ட் என்ற ஊரின் மெல்ரோஸ் இன் விடுதியில் கெர்ன் குடும்பத்தார் உருவாக்கியது. செய்முறையை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. மற்ற எல்லாரும் செய்வது அந்த வகையைச் சேர்ந்த சாக்லேட் வால்நட் பை. நாமும் அதைத்தான் செய்கிறோம். நீங்கள் செய்து விற்பதாக இருந்தால் அட்டையில் அந்தப் பெயரைப் போடாதீர்கள்.

தேவையானவை

9 அங்குல பை தட்டு ஒன்றுக்கான அளவு இது. தராசு அவசியம். கப் கணக்கில் மைதாவை அள்ளினால் கைக்குக் கை 20, 30 கிராம் வித்தியாசம் வரும். பூரணத்துக்கு அது பரவாயில்லை, ஓட்டுக்கு ஆகாது.

ஓட்டுக்கு: மைதா 160 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்று மேலே, ஐஸ் தண்ணீர் 40 முதல் 50 மி.லி.

பூரணத்துக்கு: வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 130 கிராம், நாட்டுச் சர்க்கரை 50 கிராம், மைதா 60 கிராம், முட்டை 2 (ஓடு நீக்கி 100 கிராம்; முட்டை சிறியதாக இருந்தால் மூன்றாவதை அடித்து அதிலிருந்து நிரப்புங்கள்), வால்நட் 120 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், திக்கான காபி டிகாஷன் 1 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

100 கிராம் வெண்ணெய்ப் பாக்கெட் இரண்டு வாங்கினால் மிச்சமில்லாமல் முடியும். உப்பில்லாதது கிடைக்காவிட்டால் மஞ்சள் நிற உப்பு வெண்ணெயே போதும். அப்போது ஓட்டிலும் பூரணத்திலும் தனியாக உப்புப் போடக்கூடாது. வீட்டில் எடுத்த வெண்ணெயை ஓட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் எவ்வளவு மோர் நிற்கிறது என்று தெரியாது, மாவு ஒருநாள் களியாகும், ஒருநாள் உதிரும். நெய்யும் வேண்டாம்: நெய்யில் செய்த ஓடு நெய் பிஸ்கட்டைப் போல வாயில் கரையும், ஆனால் அடுக்கடுக்காக எழும்பாது. வெண்ணெயில் இருக்கும் நீர் அடுப்பில் ஆவியாகி மாவைத் தள்ளுவதால்தான் அடுக்கு உண்டாகிறது. நெய்யில் அந்த நீர் இல்லை.

கென்டக்கியில் பலர் பூரணத்தில் ஓரிரு ஸ்பூன் போர்பன் விஸ்கி விடுவார்கள். டிகாஷன் அதற்குப் பதில். சாக்லேட்டின் கசப்பை அது எடுத்துக் கொடுக்கும். ஒரு ஸ்பூனுக்கு மேல் போனால் பை காபி மணம் அடிக்கும். சிக்கரி அதிகம் கலந்த பொடியாக இருந்தால் அரை ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

வால்நட்டும் சாக்லேட்டும் வாங்கும்போது

வால்நட்டை வாங்குவதற்கு முன் ஒன்றை எடுத்து மென்று பாருங்கள். லாங் பஜார் பக்கம் சில்லறையில் வாங்கினாலும் சரி, சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டாக வாங்கினாலும் சரி, நம் ஊர் வெயிலில் கடையில் சில வாரம் கிடந்த வால்நட் சிக்கு வாடை அடித்துவிடும். மற்ற பருப்புகளைவிட இதன் எண்ணெய் சீக்கிரம் கெடும் வகை. லேசான கசப்பு தோலினுடையது, அதைச் சரிசெய்யலாம். பழைய எண்ணெய் வாடை வந்தால் எதுவும் செய்ய முடியாது. வறுத்தால் அந்த வாடை இன்னும் தூக்கும். ரம்ஜான், தீபாவளி சமயத்தில் சரக்கு வேகமாக நகர்வதால் புதியது கிடைக்க வாய்ப்பு அதிகம். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள்.

வால்நட்டை ஓடிஜியில் (OTG என்கிற சிறிய மின் அடுப்பில்) 160 டிகிரி செல்சியசில் 8 முதல் 10 நிமிடம் வறுத்து, சூட்டோடு ஒரு துணியில் போட்டுத் தேய்த்தால் தோலில் பாதி உதிர்ந்துவிடும். பாதி போதும். பிறகு கொண்டைக்கடலை அளவுக்கு உடையுங்கள். பொடியாக நறுக்கினால் பூரணத்தில் கலந்து காணாமல் போகும்.

சாக்லேட்டில் ‘காம்பவுண்ட்’ என்று எழுதியிருப்பதைத் தவிருங்கள். அது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய் சேர்த்தது. வெயிலுக்குத் தாங்கும் என்பதற்காகவே நம் பக்கக் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. கேக்குக்கு மேல் பூச அது சரி. இந்த பையில் வாயின் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். 50 முதல் 60 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட் கட்டியை வாங்கிப் பட்டாணி அளவில் வெட்டி, பயன்படுத்தும் நொடி வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். பால் சாக்லேட் போட்டால் இனிப்புக்கு மேல் இனிப்பு. ஆற்காடு மக்கன் பேடாவில் பழகிய நாக்குக்கு அதுவும் பிடிக்கக்கூடும். ஆனால் சர்க்கரையில் 30 கிராமைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் குறைத்தால் மேலே பளபளப்பான மெல்லிய ஏடு கட்டாது, பூரணமும் கேக் மாதிரி வறண்டுவிடும்.

ஓடு

வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இரவு பத்துக்கு மேல். ஏசி அறை இருந்தால் பலகையை அங்கே கொண்டுபோய்விடலாம். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். மாவின் மேல்புறம் காய்ந்து தேய்க்கும்போது வெடிக்கும்.

முந்தின இரவே மைதா, கிண்ணம், வெண்ணெய்ப் பாக்கெட் மூன்றையும் ஃப்ரீசரில் வையுங்கள். ‘வெண்ணெயை விரல் நுனியால் மாவில் பிசறுங்கள்’ என்கிற முறை குளிர் நாட்டுக் கைகளுக்கு. இங்கே விரல் பட்டதுமே உருகும். கல்லாக உறைந்த வெண்ணெயை, பிடிக்கும் அளவுக்குக் காகிதத்தை விட்டுவிட்டு, கேரட் துருவும் பெரிய கண்ணில் நேராக மைதாவுக்குள் துருவுங்கள். ஒவ்வொரு கால் பாகம் துருவியதும் ஒரு கரண்டிக் காம்பால் மாவைப் புரட்டிவிட்டால் துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. மிக்ஸியில் செய்வதானால் பெரிய ஜாரில் மூன்று நான்கு முறை ‘விப்பர்’ பக்கம் தட்டி நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜாரின் சூட்டிலேயே வெண்ணெய் இளகிவிடும்.

சர்க்கரை, உப்புச் சேர்த்து, ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளியுங்கள். சப்பாத்தி மாவு பதம் இதற்கு ஆகாது. கைப்பிடியாகப் பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், அடியில் கொஞ்சம் உலர்ந்த மாவு தெரியலாம். பிசையவே கூடாது. பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை இழுபட்டு, அடுப்பில் ஓடு சுருங்கி ஓரத்திலிருந்து சரிந்துவிடும். பிறகு பூரணம் தட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒழுகிக் கரிந்து ஒட்டிக்கொள்ளும். பையை எடுக்கவே முடியாது.

மாவைத் தட்டையாக அழுத்திப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு முழுவதும் இருந்தாலும் நல்லதே.

தேய்ப்பதற்குக் கடப்பைக் கல் மேடை அருமையான இடம், அது சூடேறாமல் இருந்தால். ஐஸ் கட்டி போட்ட ஒரு தட்டைப் பத்து நிமிடம் அதன் மேல் வைத்து, எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேயுங்கள். மாவின் கீழும் மேலும் பிளாஸ்டிக் தாள் வைத்தால் தூவுமாவு வேண்டியதில்லை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கால் வட்டம் திருப்பித் திருப்பி, 3 மி.மீ. கனத்தில் 12 அங்குல வட்டமாக வர வேண்டும். தாளில் எண்ணெய்ப் பசை தெரிய ஆரம்பித்தால் அப்படியே தாளோடு ஒரு தட்டில் வைத்து ஃப்ரீசரில் ஐந்து நிமிடம். கத்திரியில் இப்படி இரண்டு முறை நிறுத்த வேண்டிவரும். அவசரப்பட்டு மைதாவைத் தூவித் தூவிச் சமாளித்தால் ஓடு வரட்டியாகிவிடும்.

தட்டில் போடும்போது மாவை இழுத்து மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். தூக்கி உள்ளே இறக்கி விடுங்கள். இழுத்த மாவு அடுப்பில் பழைய இடத்துக்கே திரும்பும். ஓரத்தில் அரை அங்குலம் மிச்சம் விட்டு வெட்டி, உள்பக்கம் மடித்து, விரலால் கிள்ளிவிட்டு, ஃப்ரீசரில் அரை மணி நேரம். தட்டு அலுமினியமோ இரும்போ ஆக இருக்கட்டும். கண்ணாடித் தட்டை ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூட்டுக்குள் வைத்தால் விரிசல் விட்டுவிடும்.

முதலில் ஓட்டை மட்டும் சுட வேண்டும்

கென்டக்கியில் பலர் பச்சை ஓட்டிலேயே பூரணத்தை ஊற்றிச் சுடுகிறார்கள். அவர்களுடைய பெரிய அடுப்புகளில் அடிச்சூடு நன்றாக ஏறும். நம் வீட்டு 25, 30 லிட்டர் ஓடிஜியில் மேல்கம்பி பைக்கு மிக அருகில் இருக்கிறது. மேலே சிவந்துவிடும், அடியில் மாவு வெந்தும் வேகாமலும் வெள்ளையாக நிற்கும். ஆகவே ஓட்டை முன்கூட்டியே முக்கால் பதம் சுடுங்கள்.

அடித்தட்டில் ஒரு சின்ன இரும்பு தோசைக்கல்லை (மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இல்லாதது) வைத்து, ஓடிஜியை 200 டிகிரி செல்சியசில் 20 நிமிடம் சூடேற்றுங்கள். கல் உள்ளே போகாவிட்டால் ஓடிஜியோடு வந்த கறுப்புத் தட்டையே கவிழ்த்துப் போடலாம். இந்தச் சூடேறிய இரும்பின் மேல் பை தட்டை வைப்பதுதான் அடி மொறுமொறுப்பாவதற்கு வழி.

உறைந்த ஓட்டின் மேல் பேக்கிங் தாளை விரித்து, அதில் விளிம்பு வரைக்கும் கொண்டைக்கடலையோ பழைய அரிசியோ நிரப்புங்கள். பாதி நிரப்பினால் பக்கச் சுவர் சரியும். 18 நிமிடம் சுட்டு, தாளையும் கடலையையும் எடுத்துவிட்டு, இன்னும் 6 நிமிடம். அடிப்பகுதி ஈரப் பளபளப்புப் போய் மங்கலாகத் தெரிய வேண்டும். நிறம் லேசாக மாறினால் போதும். எங்காவது உப்பினால் கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்குங்கள். முட்கரண்டியால் குத்த வேண்டாம், பூரணம் அந்தத் துளை வழியாக இறங்கும். அந்தக் கடலையை இனிச் சமைக்க முடியாது. ஆற வைத்து டப்பாவில் போட்டால் அடுத்த பைக்கு ஆகும்.

பூரணம்

நம் சர்க்கரையின் பரல் அமெரிக்கச் சர்க்கரையைவிடப் பெரியது. அப்படியே போட்டால் அடுப்பிலும் கரையாமல் பல்லில் நறநறவென்று தட்டும், மேல் ஏடும் கட்டாது. மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு ரவை அளவுக்குக் கொண்டுவாருங்கள். நாட்டுச் சர்க்கரையைச் சலியுங்கள். கட்டிகள் பூரணத்தில் கரும்புள்ளியாக நிற்கும். உடைத்த வெல்லம் வேண்டாம், அதன் ஈரம் ஊருக்கு ஊர், கட்டிக்குக் கட்டி மாறும்.

வெண்ணெயை உருக்கி முதலிலேயே ஆற வையுங்கள். இந்த பையில் அடிக்கடி நடக்கும் இரண்டாவது தவறு சூடான வெண்ணெய்தான். அதில் போட்ட சாக்லேட் கிண்ணத்திலேயே கரைந்து முழுப் பூரணமும் ஒரே பழுப்பாகிவிடும். ருசி கெடாது, ஆனால் கடிக்கும்போது ஒரு இடத்தில் சாக்லேட், ஒரு இடத்தில் வால்நட், ஒரு இடத்தில் வெண்ணெய்ச் சர்க்கரை என்று மாறிமாறி வருவது போய்விடும். கத்திரியில் ‘அறை வெப்பத்துக்கு ஆறட்டும்’ என்பது போதாது, அறையே சாக்லேட்டை இளக்கும். உருகிய வெண்ணெய்க் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் சற்று நேரம் நிறுத்துங்கள். உறையக் கூடாது, தொட்டால் சூடு தெரியக் கூடாது.

சர்க்கரை இரண்டையும் மைதா, உப்போடு கலந்துகொண்டு, முட்டையைத் தனியே முட்கரண்டியால் அடித்து ஊற்றுங்கள். நுரைக்க அடிக்காதீர்கள். பீட்டரை எடுக்கவே வேண்டாம். காற்றுப் புகுந்த பூரணம் அடுப்பில் அப்பளமாக எழும்பி, வெளியே எடுத்ததும் உடைந்து உள்ளே விழும். பிறகு வெண்ணெய், வெனிலா, டிகாஷன். கலவை தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழ வேண்டும். கடைசியில் வால்நட்டும் சாக்லேட்டில் பாதியும். மீதிப் பாதியை ஓட்டின் அடியில் நேராகத் தூவி, அதன் மேல் பூரணத்தை ஊற்றுங்கள். உருகும் சாக்லேட் அடியில் ஒரு படலமாகி, பூரணத்தின் ஈரம் ஓட்டில் இறங்காமல் தடுக்கும். இந்தத் தூவலுக்கு முன் ஓடு கொஞ்சம் ஆறியிருக்கட்டும்.

முட்டை சாப்பிடாதவர்கள் முட்டையை மட்டும் விட்டுவிட்டு இதைச் செய்ய முயல வேண்டாம். பூரணத்தைக் கட்டி நிறுத்துவது முட்டைதான். அது இல்லாவிட்டால் வெண்ணெயும் சர்க்கரையும் பிரிந்து தட்டில் குளமாக நிற்கும். அந்த வீடுகளுக்குச் சாக்லேட்டும் ஃப்ரெஷ் கிரீமும் சூடாக்கிக் கலந்து, முழுவதும் சுட்ட ஓட்டில் ஊற்றி உறைய வைக்கும் டார்ட்தான் சரி.

சுடுவது

175 டிகிரி, அடித்தட்டு, அதே தோசைக்கல்லின் மேல், மேல்கம்பி கீழ்க்கம்பி இரண்டும். 20 நிமிடத்தில் ஓரம் சிவந்துவிடும். அப்போது அலுமினியத் தாளை வளையமாக வெட்டி ஓரத்தை மட்டும் மூடுங்கள். மொத்தம் 35 முதல் 42 நிமிடம்.

ஓடிஜி திருகில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 10, 20 டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் 160 டிகிரி போதும், விசிறி மேல்புறத்தைச் சீக்கிரம் காய வைக்கும்; உலோகத் தட்டை கன்வெக்‌ஷனில் மட்டும் வையுங்கள், மைக்ரோ முறையில் வேண்டாம்.

வெந்ததா என்று குச்சி குத்திப் பார்ப்பது இங்கே பயன்படாது. குச்சி சாக்லேட்டில் குத்தினால் வெந்த பிறகும் ஈரமாக வரும். அதைப் பார்த்து மேலும் பத்து நிமிடம் வைத்தவர்களின் பைதான் மறுநாள் கல்லாக இருக்கும். தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரம் உப்பி அசையாமல், நடுவில் இரண்டு அங்குல வட்டம் மட்டும் மெல்ல ஆட வேண்டும். தண்ணீர் மாதிரி அலையடித்தால் இன்னும் ஐந்து நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 90 முதல் 93 டிகிரி.

நடுவில் கரண்டு போனால் கதவைத் திறக்காதீர்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் அதே அளவு நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும், தோசைக்கல் சூட்டைப் பிடித்துவைக்கும். ஓடு மட்டும் சுடும் கட்டத்தில் போனால் அது வேறு கதை: சூடு இறங்க இறங்க வெண்ணெய் உருகி வழிந்துவிடும், அந்த ஓடு தேறாது. ஊரில் மின்தடை அறிவித்த நாளில் தொடங்காமல் இருப்பதே புத்தி.

ஆற வைப்பது, வெட்டுவது, வைத்திருப்பது

சூட்டோடு வெட்டினால் பூரணம் ஒழுகும். கம்பித் தட்டின் மேல், விசிறிக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் ஆறட்டும். அதற்கு மேல் வெளியில் வேண்டாம், முட்டைப் பண்டம். பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். குளிர்காலத்தில் அது கட்டாயமில்லை. கத்திரியில் சாக்லேட் தானாக உறையாது. கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி நனைத்தால் ஓரம் சுத்தமாக வரும். எட்டுத் துண்டு போடலாம், பத்துப் போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அவ்வளவு அடர்த்தி. கூட வைப்பதானால் இனிப்பில்லாத கிரீம்.

வால்நட் நல்லதாகக் கிடைக்காத நாளில் முந்திரிக்குப் போகாதீர்கள். அது மென்மையும் இனிப்புமாகப் பூரணத்தோடு ஒன்றிவிடும். மல்லாட்டை (நிலக்கடலை) இதைவிடப் பொருந்தும். ஆரணி, திருவண்ணாமலைப் பக்கத்து மல்லாட்டையைத் தோல் கருகாமல் சிவக்க வறுத்து, தோலை ஊதிவிட்டு, இரண்டாகப் பிளந்தால் போதும், நறுக்க வேண்டாம். 120 கிராமே அளவு. உப்பை மட்டும் இன்னொரு சிட்டிகை கூட்டுங்கள், டிகாஷனைப் பாதியாக்குங்கள். வால்நட்டின் துவர்ப்பு இராது, ஆனால் கடி நன்றாக இருக்கும், செலவும் குறைவு.

ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். இரண்டாம் நாளிலிருந்து ஓடு கொஞ்சம் இளகும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓடு ரப்பராகிவிடும், ஆகவே ஓடிஜியில் 150 டிகிரியில் எட்டு நிமிடம். துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை சுவை மாறாது. அதையும் கரைய விடாமல், உறைந்தபடியே ஓடிஜிக்குள் 15 நிமிடம் வைத்தால் போதும்.